செழியன் மன்னிக்க வேண்டிய அத்தியாயம்

சிஸ்டர் ஜெபராணி அவர் நெற்றியில், வலது புருவத்துக்கு மேலே, ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, "இந்தக் கண்ணுதானே தாத்தா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டாள். "கண்ணைத் திறக்கக் கூடாது. கண் பாப்பா நல்லா விரியணும். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வந்து விடுவேன். நாலு தடவை. அதுவரைக்கும் மூடிட்டே இருங்க." கோமதிநாயகம் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கண் ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் அந்த நீள அறையில் சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலிகளில் அவரைப் போலவே இன்னும் பதினோரு பேர், எல்லோரும் வயதானவர்கள், எல்லோரும் நெற்றியில் பிளாஸ்திரியோடு, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போலக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவருடைய மகள் செண்பகவல்லி. அவள் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் முப்பத்தெட்டு வயதில் இந்த முகத்தை இவ்வளவு நேரம் நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. எப்போதும் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைத்தான் பார்த்துப் பேசியிருக்கிறாள். மேலே பார்த்தால் ஏன் முறைக்கிறாய் என்பார், கீழே பார்த்தால் என்ன மறைக்கிறாய் என்பார், இரண்டாவது பொத்தான்தான் இருந்ததிலேயே பத்திரமான இடம். இவருக்கு இவ்வளவு சின்னக் காதா. காது மடலில் வெள்ளை முடி. தொண்டையில் சவரம் செய்யும்போது விட்டுப்போன ஒரு திட்டு. பார்வை மங்கியதிலிருந்து கண்ணாடி பார்க்காமல் கையால் தடவித் தடவிச் சவரம் செய்கிறார் போலிருக்கிறது. பாவம் என்று மனசு சொல்ல வந்தது. சொல்ல வந்ததை அவள் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள். இந்தப் பாவம் பார்ப்பதினால்தான் எல்லாமே கெட்டுப்போகிறது, அவள் எழுதுகிற கதையும்.

கைபேசியை எடுத்தாள். எழுபத்திரண்டாவது அத்தியாயம் என்று தலைப்புப் போட்டு நான்கு நாளாக வெறுமையாகக் கிடக்கிற பக்கம். கடைசி அத்தியாயம் ஞாயிற்றுக்கிழமை வரும் என்று சொல்லியிருந்தாள். இன்று வியாழன். பகலெல்லாம் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து ஈரல் இயல்பாக உள்ளது, இடது சிறுநீரகம் இயல்பாக உள்ளது என்று ஊரார் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் டைப் செய்பவள். வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டு, பெருமாள்புரத்து மாடி அறையில் ஒற்றை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அப்புறம் அவள் செண்பகவல்லி இல்லை, உப்புமூட்டை. அந்தப் பெயரில்தான் இரண்டு வருஷமாக எழுதுகிறாள். 'அளத்து வீடு' என்று ஒரு தொடர் டிவியில் ஓடியது. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக்காரர் மகாராஜன், அவர் மகன் செழியன். மகனை மகாராஜன் சின்ன வயதிலிருந்து வெளுத்து வாங்குவார், உப்புக் குவியலில் மண்டிபோட வைப்பார். அவன் வீட்டை விட்டு ஓடி, படித்து, ஆளாகித் திரும்பி வருவான். கடைசி நாள் எபிசோடில் மகாராஜன் சாகக் கிடக்கிறார். செழியன் ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டு, அப்பா, உங்களைப் புரிஞ்சுக்காமப் போயிட்டேன், என்னை மன்னிச்சிருங்க என்று அழுகிறான். மன்னிப்பு கேட்பது அவன். அடி வாங்கியவன். மகாராஜன் கையைத் தூக்கி அவன் தலையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார், தெருவே அழுதது, கீழ் வீட்டு அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே மாடிக்கு வந்து பார்த்தியா வல்லி என்றாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஒரு கதைச் செயலியில் கணக்குத் திறந்து முதல் வரியை எழுதினாள்: மகாராஜன் சாகவில்லை. இந்த மாதிரி அடுத்தவர் கதையை எடுத்து நீட்டி எழுதுவதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர், உலகம் முழுக்க எழுதுகிறார்கள் என்பதெல்லாம் வாசகர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு காரணத்துக்கு. அந்த மனுஷன் அத்தனை சுலபமாகச் செத்துத் தப்பித்துப் போகக் கூடாது. உயிரோடு இருக்கட்டும். இருந்து பதில் சொல்லட்டும்.

எழுத எழுத ஆள் மாறிவிட்டார், அதுதான் சிக்கல். தோளில் வலி கொடுத்தாள். ராத்தூக்கம் இல்லாமல் ஆக்கினாள். சாப்பாட்டில் உப்பு கூடாது என்று டாக்டரை விட்டுச் சொல்ல வைத்தாள், உப்பளக்காரருக்கு உப்பில்லாச் சோறு, அதை எழுதியபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் வாசகர்கள் அவருக்காக உருகினார்கள். ஐயோ பாவம் அந்த மனுஷன், செழியன் எப்போ மனசு இறங்குவான், போதும் அக்கா, சேர்த்து வச்சிருங்க. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அவர்களையெல்லாம் தள்ளிவிடலாம். இரண்டு பேரைத் தள்ள முடியவில்லை. தேன்மிட்டாய் என்கிற பெயரில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அக்கா, எங்க அப்பா போன மாசம் இறந்துட்டார். நாலு வருஷமா நான் அவர்கிட்ட பேசல. அவர் செஞ்சது அப்படி. ஆனா இப்போ தாங்க முடியல. செழியனாவது மன்னிக்கட்டும். எனக்காக." அதற்கு நேர் கீழே, ஒரு மணி நேரம் கழித்து, பெயர்_இல்லை என்று ஒருவர்: "மன்னிக்க வச்சிராதீங்க. எல்லாக் கதையிலயும் கடைசியில மன்னிச்சிடுறாங்க. எனக்குன்னு ஒரே ஒரு கதையாவது மிச்சம் இருக்கட்டும்." ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது. ஒருவேளை இந்த அறையிலேயேகூட இருக்கலாம். எதிரே அம்மாவின் கையைப் பிடித்தபடி தூங்குகிற அந்த நீலச் சட்டைக்காரராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே அத்தியாயத்தை எப்படிக் கொடுப்பது. அவள் கட்டை விரல் வெறும் பக்கத்தின் மேல் நின்றது. மகாராஜன் என்று டைப் செய்தாள். அழித்தாள்.

"மணி என்ன ஆச்சு?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"பத்து ஆகப்போகுதுப்பா."

"குரு போன் பண்ணானா?"

"காலையிலேயே பண்ணிட்டான். முடிஞ்சதும் சொல்லச் சொன்னான்."

குரு அவள் தம்பி. சிவகுருநாதன், ஓசூரில் இருக்கிறான். அக்கா, நீதான் பக்கத்துல திருநெல்வேலியில இருக்க, கோவில்பட்டியில இருந்து அவர் பஸ் ஏறி வந்துருவாரு, நீ ஒரு நாள் லீவு போட்டாப் போதும் என்று அவன் சொன்னபோது அவள் பேசாமல் இருந்தாள். அவனுக்கு அந்தப் பேசாமை புரிந்தது. அதெல்லாம் பழைய கதைக்கா, அவரும் கிழவனாயிட்டாரு என்றான். அவனும் வாங்கியிருக்கிறான், அவளைவிடக் குறைவு என்றாலும் வாங்கியிருக்கிறான், ஆனாலும் தன் மகனுக்குக் கோமதிநாயகம் என்று பெயர் வைத்திருக்கிறான், அவனால் முடிந்திருக்கிறது. அவன் நெஞ்சில் என்ன வழி இருந்தது, அது எங்கே திரும்புகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பாள். கேட்டதில்லை. இருவரும் போனில் மழை பெய்ததா என்று கேட்டுக்கொள்வார்கள். சிஸ்டர் வந்து இரண்டாவது தடவை சொட்டு விட்டாள். விட்டுவிட்டு, "தாத்தா, வாட்ச் மோதிரம் எல்லாம் கழட்டி அக்காகிட்ட குடுத்துருங்க, உள்ள போட்டுக்கிட்டு வரக் கூடாது" என்றாள். அப்பா இடது கையை மடியில் வைத்து, வலது கையால் தடவி, வாட்சின் கொக்கியை விடுவித்தார். டக்கென்று ஒரு சத்தம். சின்னச் சத்தம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. செண்பகவல்லியின் முதுகு நாற்காலியிலிருந்து தானாக விலகி நேரானது. தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறின. அவள் சொல்லி ஏறவில்லை.

அவர் வாட்சை நீட்டினார். அவள் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தார். வாங்க வேண்டும். கை எழவில்லை. அப்போதெல்லாம் டிவி பெட்டி மேல் வைப்பார். வாட்சைக் கழற்றி, துடைத்து, டிவி பெட்டி மேல் விரித்த பூப்போட்ட துணியில் முள் மேலே தெரிகிற மாதிரி வைப்பார், அதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்வார், மாமனார் போட்ட வாட்ச், கண்ணாடி உடைந்துவிடக் கூடாது. அதற்கப்புறம் ஆணியில் தொங்குகிற பெல்ட்டை எடுப்பார். மின்கம்பத்தில் ஏறும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற அகலமான தோல் பெல்ட். அவர் லைன்மேன். அழுகை தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அம்மா அடுக்களையில் மிக்சியைப் போடுவாள். ஜாரில் ஒன்றும் இருக்காது. வெறும் ஜார் சுற்றுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று தெருவில் யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும், இன்றைக்கும் தெரியும், அதனால்தான் அவள் அறையில் மிக்சி கிடையாது, கீழ் வீட்டு அக்கா ஏன் வல்லி இன்னும் அம்மியிலேயே அரைக்கிற என்று கேட்பாள், அம்மியில் அரைச்சாத்தான் ருசி என்பாள். ஆறாம் வகுப்பு. சாயங்காலம். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது குரு தலையில் இட்லித் துணியைக் கட்டிக்கொண்டு ஆடிக் காட்டியதற்கு அவள் சிரித்தாள். அவரைப் பார்த்து இல்லை. அவர் வந்ததையே அவள் பார்க்கவில்லை. ஏட்டி, என்னத்தைப் பார்த்து இளிப்பு என்றார். டக்கென்று வாட்ச். நான்கு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, ஐந்தாம் நாள் போனாள், கிளாஸ் டீச்சரிடம் காய்ச்சல் என்று சொன்னாள், உட்காராமல் பெஞ்சு ஓரத்தில் சாய்ந்தபடி இருந்தாள். அந்த வாரம்தான் புயல் வந்தது. மூன்று நாள் ஊரே இருட்டு, மூன்று நாளும் அவர் வீட்டுக்கு வராமல் கம்பம் கம்பமாக ஏறினார். நாயகம் அண்ணாச்சி இல்லைன்னா நம்ம தெருவுக்குக் கரண்டே கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள், டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள், அவளிடமே ஒரு தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பினார்கள். அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். மழைத் தூறலில் உயரத்தில் அப்பா, அந்தப் பெல்ட்டை நம்பிப் பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் வேலை செய்துகொண்டிருந்தார். பெல்ட் அறுந்துவிடக் கூடாதே என்று மனசு பதறியது. அறுந்தால் என்ன என்றும் கேட்டது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. அதற்கப்புறம் எத்தனையோ நாள் அந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறாள், எது முதலில் வந்தது, பயமா ஆசையா, இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

"வல்லி, எங்க இருக்க? பிடி."

"இங்கதான்" என்று வாங்கிக் கைப்பையில் போட்டாள். வாட்ச் இன்னும் அவர் சூட்டோடு இருந்தது. கைக்குட்டையில் விரலைத் துடைத்தாள், துடைத்ததை யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நாற்பத்தெட்டாவது அத்தியாயத்தில் மகாராஜன் பேசுகிற வசனம் நினைவுக்கு வந்தது. இந்தக் கதையில் ஜனங்கள் அதிகம் அழுதது அதற்குத்தான். அதை எழுத அவளுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. மகாராஜன் மாதிரி ஒரு ஆள் தப்பு செஞ்சுட்டேன் என்று சொன்னால் அது என்ன குரலில் வரும். அவளுக்குக் கேட்கவில்லை. கேட்ட குரலைத்தானே எழுத முடியும். தப்பு பண்ணிட்டேன்யா என்று எழுதினாள், சினிமா மாதிரி இருந்தது. ஏதோ கோபத்துல என்று எழுதினாள், அது வீட்டில் கேட்ட குரல், ஆனால் அது மன்னிப்பு இல்லை. கடைசியில் ஒரு மத்தியானம், ஸ்கேன் சென்டரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தயிர்சாதக் கையோடு அந்த வரி வந்தது. நான் அடிச்சதுக்கு நீ காரணம் இல்லை. அவ்வளவுதான். இடது கையால் டைப் செய்தாள். டைப் செய்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினாள், முகத்தைக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள். முன்னூறு பேருக்குமேல் கருத்து எழுதினார்கள். அந்த முன்னூறு பேருக்கும் அவள் மகாராஜனின் மன்னிப்பைக் கொடுத்தாள். தனக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு மூன்று தடவை அந்த வரியைத் தனியாக வாசித்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. தானே எழுதியது தனக்கு எப்படி ஒட்டும்.

உப்புமூட்டை என்று ஏன் அக்கா பெயர் வச்சீங்க என்று ஒருவர் கேட்டதற்கு, உப்பளத்துக் கதை அதனால் என்று பதில் போட்டாள். அப்படி நினைத்துத்தான் வைத்தாள். போட்ட பதிலை வாசிக்கும்போதுதான் இன்னொன்று வந்து நின்றது. ஊருணி நிரம்பித் தெருவில் முட்டளவு தண்ணீர் ஓடிய ஒரு நாள். அவளுக்கு ஐந்து வயது இருக்கும். வல்லி, உப்புமூட்டை ஏறிக்கோ என்று அவர் குனிந்தார். அவள் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உப்பு வேணுமா உப்பு என்று கூவிக்கொண்டே அவர் தண்ணீரில் நடந்தார், வீட்டுக்கு வீடு நின்று உப்பு வேணுமா என்று கேட்டார், ஒரு வீட்டில் எவ்வளவு என்று கேட்டதற்கு, இந்த மூட்டை விக்கிறதுக்கு இல்ல என்றார். நடந்ததா, இல்லை மகாராஜனுக்காகத் தானே இட்டுக்கட்டிய காட்சியா என்று முதலில் சந்தேகப்பட்டாள். நடந்ததுதான், அவர் கழுத்துச் சட்டையின் ஈர வாடைகூட நினைவிருக்கிறது. அது இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். முழுக்க முழுக்க ஒரே மாதிரியான மனுஷனை வெறுத்துவிட்டுப் போய்விடலாம், பஸ் ஏறி வா என்று சொல்லாமல் இருந்திருக்கலாம், இந்த நாற்காலியில் உட்காராமல் இருந்திருக்கலாம். அந்த முதுகும் இந்தக் கையும் ஒரே ஆளுடையது என்பதில்தான் அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும் போய் மாட்டிக்கொள்கிறது, முள்ளில் சேலை மாட்டிய மாதிரி, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். மூன்றாவது சொட்டு விழுந்தது. அப்பா கண்ணை இறுக்கினார். எரியுதா தாத்தா என்றாள் சிஸ்டர். அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா என்றார், ஊர்க்காரர்களிடம் பேசுகிற அந்த நல்ல குரலில்.

"என்ன, டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருக்க?" சிஸ்டர் போனதும் கேட்டார். "ஆபீஸ் வேலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றும் சொல்லியிருக்கலாம், அதுதான் சுலபம். கண்ணை மூடிய முகம் என்பதால் வந்த தைரியமோ என்னவோ.

"கதை எழுதுறேன்."

"கதையா? நீயா?" அவர் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு மாதிரி. "உங்க அம்மாவும் புஸ்தகம்னா சோறு தண்ணி வேண்டாம்னு கிடப்பா. என்ன கதை?"

"ஒரு அப்பாவும் மகனும்." கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அந்த அப்பா, பையனைப் போட்டு அடிப்பாரு. சின்னப் பிள்ளையில இருந்து. பையன் பெரியவனாயிடுறான். அவருக்கு வயசாயிடுது. இப்ப அவன் அவரை மன்னிக்கிறானா இல்லையாங்கிறதுதான் கடைசி அத்தியாயம்."

அப்பாவின் மூடிய இமைக்குள் கண் உருள்வது தெரிந்தது. பக்கத்து நாற்காலிப் பாட்டி இருமினாள்.

"எதுக்கு அடிச்சாராம்?"

மகாராஜன் எதற்கு அடித்தார் என்று பதினேழு காரணம் கதையில் இருக்கிறது. கணக்குப் பரீட்சை, காணாமல் போன மாடு, வேலைக்காரனோடு சாப்பிட்டது. ஒன்றும் நாக்கில் வரவில்லை.

"சிரிச்சதுக்கு" என்றாள். "ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரும்போது சிரிச்சுக்கிட்டு இருந்தான். தம்பி ஏதோ ஆடிக் காட்டினான், அதுக்குச் சிரிச்சான். அதுக்கு அடிச்சாரு. பெல்ட்டால. நாலு நாள் பள்ளிக்கூடம் போக முடியல."

அவள் எதிர்பார்த்தது என்ன என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்ப்பாள். நிச்சயமாக எதையோ எதிர்பார்த்தாள். கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ் பிரேக் போடும்போது பிடித்துக்கொள்கிற மாதிரி, உட்கார்ந்திருந்தாள்.

"சிரிச்சதுக்கா?" என்றார் அப்பா. தலையை லேசாக ஆட்டினார். "அதுக்கெல்லாம் யாராவது அப்படி அடிப்பாங்களா. நம்புற மாதிரி இல்லையே வல்லி. ஏதாவது நம்புற மாதிரி எழுது. பய திருடினான், பொய் சொன்னான், அப்படி ஏதாவது வையி."

சொன்ன குரலில் கள்ளம் இல்லை. அதைத்தான் அவள் காதைத் தீட்டிக்கொண்டு தேடினாள், ஒரு இழை, ஒரு தடுமாற்றம், ஒன்றும் இல்லை. உண்மையிலேயே மகளின் கதைக்கு யோசனை சொல்கிற ஒரு வயதான மனுஷனின் குரல். ஒரு கை மட்டும் போய் இன்னொரு கையின் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தது, அது வாட்ச் கட்டிய பழக்கதோஷமாகவும் இருக்கலாம். இருபத்தேழு வருஷம். இருபத்தேழு வருஷமாக ஒரு சாயங்காலத்தை, இட்லித் துணியோடும் மிக்சிச் சத்தத்தோடும், தண்ணீர் சிந்தாமல் குடத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள், எந்த வீட்டுக்குப் போனாலும், பெண் பார்க்க வந்த நான்கு பேர் முன்னாலும், எவனாவது கையை உயர்த்தித் தலைமுடியைக் கோதினால்கூடப் பின்வாங்கிக்கொண்டு. அவரிடம் அது இல்லவே இல்லை. அவர் அதை என்றைக்கோ கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார், வைத்த இடம்கூடத் தெரியாமல். கோபம் வரும் என்று காத்திருந்தாள். கோபத்துக்குப் பதிலாக, திருவிழாக் கூட்டத்தில் கூட வந்தவர்கள் எல்லாம் எப்போதோ வீட்டுக்குப் போய்விட, தான் மட்டும் சொன்ன இடத்திலேயே இத்தனை நேரம் நின்றுகொண்டிருந்தது தெரியவந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மன்னிக்கலாமா வேண்டாமா என்று எழுபத்தொரு அத்தியாயமாக யோசித்தாளே, வாங்கிக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்.

"அப்புறம் பையன் நல்லா வந்தானா?" என்றார்.

"வந்தான்."

"அப்புறம் என்ன."

"கோமதிநாயகம்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். சிஸ்டர் ஜெபராணி வந்து நாலாவது சொட்டை விட்டு, பச்சைத் தொப்பியை மாட்டி, அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். இருபது நிமிஷம்தான், பயப்படாதீங்க என்றாள். பயம் என்னம்மா பயம், எத்தனை கம்பம் ஏறியிருக்கேன் என்றார். கதவு மூடிக்கொண்டது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பிளாஸ்டிக் முதுகில் வியர்வை ஒரு தீவு மாதிரி இருந்தது. இவ்வளவு வியர்த்திருக்கிறது அவருக்கு, அவள் பக்கத்திலேயே இருந்தும் பார்க்கவில்லை.

அந்த இருபது நிமிஷத்தில் அவள் எழுதினாள். யோசிக்கவில்லை. வாக்கியம் வாக்கியமாக வந்தது, ரிப்போர்ட் டைப் செய்கிற வேகத்தில். செழியன் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அன்றைக்கு உப்புக் குவியலில் மண்டிபோட வைத்தீர்களே, எதற்கு என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறான். மகாராஜன் யோசிக்கிறார். நானா, உப்புக் குவியல்லயா என்கிறார். அவருக்கு நினைவில்லை. நாற்பத்தெட்டாவது அத்தியாயத்தில் அவர் கேட்ட மன்னிப்பு மொத்தத்துக்குமாகக் கேட்ட மன்னிப்பு, அதில் எந்த நாளும் இல்லை, எந்த வேளையும் இல்லை என்று செழியனுக்கு அப்போது புரிகிறது. அவன் தன் கால்சட்டையை மடக்கி முழங்காலைக் காட்டுகிறான். தழும்பு இருக்கிறது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். என்னை மன்னிச்சிருவியா என்கிறார். தெரியலப்பா என்கிறான் செழியன். அங்கே நிறுத்தினாள். தேன்மிட்டாய்க்கு இது போதாது, அவன் அப்பா என்று கூப்பிட்டான், பேசினான், அது மட்டும் இருக்கிறது. பெயர்_இல்லைக்கு இதுவும் அதிகமாகத் தோன்றலாம். இருவரிடமும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், தெரியாததை எழுதினால் சினிமா மாதிரி ஆகிவிடும் என்று. முற்றும் என்று போட்டாள். ஞாயிறு வரை வைத்திருக்கவில்லை. பதிவேற்று என்பதைத் தொட்டுவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டாள். உடனேயே உள்ளே அது அதிர ஆரம்பித்தது, ஒன்று, இரண்டு, வரிசையாக. அவள் எடுக்கவில்லை. எதிரே நீலச் சட்டைக்காரர் விழித்துக்கொண்டு அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே கூட்டிவந்தபோது அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நல்லா முடிஞ்சிருக்கு என்று சிஸ்டர் சொன்னாள். ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினாள். "இது ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒரு வாரம். அப்புறம் கொறைச்சுக்கலாம். தாத்தா தானா போட்டுக்கிட மாட்டாங்க, கை நடுங்கும், கண்ணுல இடிச்சிரும். வீட்ல யாரு இருக்கீங்க?"

சாயங்காலம் கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகத்தான் அவள் முடிவு செய்திருந்தாள். அம்மா இறந்ததிலிருந்து அங்கே அவர் தனி ஆள், பஸ் நிலையத்தில் எதிர்வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. எதிர்வீட்டுல ஆள் இருக்கு, பாத்துக்கிடலாம்மா என்றார் அப்பா மெதுவாக. செண்பகவல்லி பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

"ஒரு வாரம் என்கூட இருப்பாரு" என்றாள். தன் குரல் தனக்கே ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி கேட்டது. "நான் போடுறேன். எப்படின்னு காட்டுங்க."

"இப்ப நீங்களே ஒரு தடவை போடுங்க, நான் பாக்குறேன்."

அப்பாவை உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றி, தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னாள். அவர் கண்ணைத் திறந்தார். சிவந்து, பாப்பா விரிந்து, வெளிச்சத்துக்குக் கூசி நீர் கட்டிய கண். எதுவும் சரியாகத் தெரிந்திருக்காது, ஒரு நிழல், ஒரு அசைவு. கீழ் இமையை இழுப்பதற்காக அவள் வலது கையை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். அவர் தலை வெடுக்கென்று ஒரு பக்கம் ஒதுங்கியது. தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறின. ஒரு கை தானாக எழுந்து முகத்துக்குக் குறுக்கே வந்து நின்றது.

அவளுக்கு அந்த அசைவு தெரியும். அடிக்கிற கை வரும்போது முகம் இப்படித்தான் போகும். உள்ளிருந்து தெரியும், இத்தனை வருஷத்தில் வெளியிலிருந்து பார்த்ததில்லை. உயர்த்திய கையை அவள் இறக்கவில்லை, பக்கத்திலும் கொண்டுபோகவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பழக்கமில்லைல்ல, மெதுவா வரும் என்றாள் சிஸ்டர். அவர் கை கொஞ்சம் கொஞ்சமாக மடியில் இறங்கும்வரை, தோள் இறங்கும்வரை, செண்பகவல்லி காத்திருந்தாள்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன்ப்பா" என்றாள். "அசையாம இருங்க."

அவர் அசையாமல் இருந்தார். அவள் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டாள்.